கருகிய ட்ரான்ஸ்போமரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. "சேர், வீட்டுல பழைய கிட்டார் அம்ப் ஒன்று கிடக்கு. ட்ரான்ஸ்போமர் எரிஞ்சு போச்சாம். ஒரிஜினல் எங்க எடுக்கலாம்?" இன்பொக்ஸில் கேட்கிறார்கள், சந்தியில் கண்டாலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பதிவு நீளமானதுதான். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால், தொழினுட்பப் பாடம் கற்பிக்கும் சில ஆசிரியர்கள். பின்னேரங்களில் ஒன்றுகூடி, வால்வு போட்ட பழைய அம்ப்ளிபயர்களையும் ரேடியோக்களையும் திறந்து திருத்துவது எங்கள் வழக்கம். "கிட்டாரும் பாட்டும் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்திற்குள் இன்று நாங்கள் போகவில்லை. நாங்கள் பேசவிருப்பது பெட்டிக்குள் இருக்கும் இரும்பையும் செம்பையும் பற்றி, அதைச் சுற்றத் தெரிந்த கைகளைப் பற்றி.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரிஜினல் கிடைக்கும் வரை என்று அம்ப்பை வருடக்கணக்கில் தூசி படிய விடுவதும் சரியில்லை. அளவுக்குப் பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததை மாட்டுவதும் சரியில்லை. தேட வேண்டியது அந்த ட்ரான்ஸ்போமரின் எண்களை. எண்கள் கையில் இருந்தால் வெளிநாட்டிலிருந்தும் எடுக்கலாம், நம்மூரிலேயே சுற்றியும் எடுக்கலாம். எண்களும் இல்லை, பழைய ட்ரான்ஸ்போமரும் இல்லை என்றால்தான் அம்ப் உண்மையில் கைவிட்டுப் போகிறது.

ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? அண்மையில் ஒருவர் தன் வாப்பாவின் காலத்து அம்ப்பைக் கடையொன்றில் கொடுத்திருக்கிறார். "ஒரிஜினல் இல்லாம இது சரிவராது" என்று சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, சிறிய ட்ரான்சிஸ்டர் போர்ட் ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றிய இரண்டு ட்ரான்ஸ்போமர்களும் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பெட்டி இருக்கிறது, முன்பக்கத்துப் பெயர்ப்பலகை இருக்கிறது, அம்ப் இல்லை. எங்களிடம் கொண்டுவந்தபோது செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. திருத்தக் கொடுத்த பொருள் ஓர் அமானிதம் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வால்வு அம்ப் ஒன்றினுள் பொதுவாக இரண்டு பெரிய ட்ரான்ஸ்போமர்கள் இருக்கும். நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்கு நிலைமாற்றி என்று பெயர். ஒன்று பவர் ட்ரான்ஸ்போமர். சுவரிலிருந்து வரும் மின்னை எடுத்து, வால்வுகளுக்குத் தேவையான 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட உயர் அழுத்தத்தையும், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டையும், ரெக்டிஃபயர் வால்வு இருந்தால் அதற்கு 5 வோல்ட்டையும் தனித்தனிச் சுருள்களில் கொடுப்பது இதுதான். மற்றது அவுட்புட் ட்ரான்ஸ்போமர். வால்வு சில ஆயிரம் ஓம் சுமையை எதிர்பார்க்கிறது, ஸ்பீக்கரோ 4, 8 அல்லது 16 ஓம்தான். இரண்டையும் பொருத்தி வைப்பது இதன் வேலை. பழைய பொதுக்கூட்ட ஹோர்ன் ஸ்பீக்கரின் பின்னால் சிறிய ட்ரான்ஸ்போமர் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே வகை வேலையைத்தான் செய்கிறது.

இனி "ஒரிஜினல்" என்ற சொல்லைப் பார்ப்போம். உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் கொண்டாடும் மார்ஷல் அம்ப் எப்படிப் பிறந்தது தெரியுமா? லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் ட்ரம் வாசிப்பவர், ட்ரம் கற்பித்த ஆசிரியரும்கூட. ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். 1960களின் தொடக்கத்தில் அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் சேர்ந்து, அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் அம்ப்பின் சுற்றை அடிப்படையாக வைத்து ஜே.டி.எம். 45 என்ற அம்ப்பைச் செய்தார்கள். அமெரிக்க உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இலகுவில் கிடைக்கவில்லை. எனவே ரேடியோ திருத்துபவர்களுக்குப் பாகம் விற்ற ரேடியோஸ்பெயர்ஸ் நிறுவனத்தின் அவுட்புட் ட்ரான்ஸ்போமரை எடுத்து அந்த முதல் அம்ப்களில் போட்டார்கள். பின்னர் டிரேக் நிறுவனத்தின் ட்ரான்ஸ்போமர்கள் வந்தன. ஃபெண்டரில் இருந்த இரும்பு வேறு, ஸ்பீக்கர் வேறு. மார்ஷலில் இருந்தவை வேறு. சத்தமும் வேறாக வந்தது. அந்த வித்தியாசமான சத்தத்தைத்தான் பிறகு உலகமே தேடியது.

அதாவது இன்று "ஒரிஜினல்தான் வேண்டும்" என்று நாம் அடம்பிடிக்கும் அந்த ட்ரான்ஸ்போமர், அன்று கடைத் தட்டில் இருந்து எடுத்த ஒரு மாற்றுப் பாகம். வொக்ஸ் ஏசி30 அம்ப்பைத் திறந்து பார்ப்பவர்களும் இதையே காண்பார்கள். ஒரே மாடலில் வோடன், அல்பியன், ஹேடன் என்று வெவ்வேறு நிறுவனங்களின் ட்ரான்ஸ்போமர்கள் இருக்கும். தொழிற்சாலைக்கே ஒரேயொரு ஒரிஜினல் இருக்கவில்லை.

இதை வைத்து "எதைப் போட்டாலும் சரி" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்ஷல் கடையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. சுமை எத்தனை ஓம், எத்தனை வொட் தாங்கும் என்று தெரிந்துதான் எடுத்தார்கள். அந்த அறிவுதான் எங்களுக்கும் வேண்டும்.

இன்னொரு விஷயம் நம் நாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பழைய அம்ப்கள் பெரும்பாலும் 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்றை வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹேர்ட்ஸ் மாறாது. ஒரே வோல்ட்டை 60க்குப் பதில் 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் இரும்பு அகணிக்குள் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடுகிறது. ஏற்கெனவே செலவைக் குறைத்துச் செய்த சிறிய அகணி என்றால் அதிகமாகச் சூடாகும். வருடக்கணக்கில் சூடானால் எனாமல் கருகும். இப்படிப்பட்ட அம்ப்புக்கு அதே 117 வோல்ட் ஒரிஜினலைப் பெரிய விலை கொடுத்து வரவழைத்தால், அதே நோயையும் சேர்த்து வாங்குகிறோம். 230 அல்லது 240 வோல்ட் முதன்மைச் சுருளும், 50 ஹேர்ட்ஸுக்குப் போதுமான அகணியும் உள்ள மாற்று ட்ரான்ஸ்போமர்தான் நமக்குச் சரியானது. ஸ்டெப் டவுன் பெட்டியும் தேவைப்படாது.

இனி, ட்ரான்ஸ்போமர் உண்மையிலேயே போய்விட்டதா என்பதை எப்படி அறிவது? பியூஸ் எரிந்ததும் "ட்ரான்ஸ்போமர் போயிட்டு" என்று முடிவு கட்டுகிறார்கள். ரெக்டிஃபயர் ஷோர்ட் ஆனாலும் பியூஸ் எரியும். அவுட்புட் வால்வு ஷோர்ட் ஆனாலும், பழைய கப்பசிட்டர் பழுதானாலும் எரியும். சில வீடுகளில் பியூஸுக்குப் பதில் ஈயத்தாளைச் சுற்றி விடுகிறார்கள். 50 ரூபாய் பியூஸ் எரிந்து காப்பாற்றியிருக்க வேண்டிய ட்ரான்ஸ்போமர் அங்கேதான் கருகுகிறது.

பரிசோதனை எளிதானது, ஆனால் மின்வேலை பழகியவர்தான் செய்ய வேண்டும். வால்வு அம்ப்பில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பசிட்டர்களில் 400 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். அதை இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதிப்படுத்தாமல் உள்ளே விரலை வைக்கக் கூடாது. பிள்ளைகள் இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கவே கூடாது. தெரிந்தவர் என்ன செய்வார் என்றால், பவர் ட்ரான்ஸ்போமரின் வெளியே போகும் எல்லா வயர்களையும் கழற்றித் தனியாக்கி, 60 வொட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு மின் கொடுப்பார். எல்ஈடி பல்பு இதற்குச் சரிவராது. எந்தச் சுமையும் இல்லாத நிலையில் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் சுருளுக்குள் ஷோர்ட். ஒரு கணம் மினுங்கி மங்கிப் போய், ஒவ்வொரு சுருளிலும் சரியான வோல்ட்டும் வந்தால், ட்ரான்ஸ்போமர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். அவனைப் பிடிக்காமல் புதிய ட்ரான்ஸ்போமரைப் போட்டால் அதுவும் எரியும்.

போய்விட்டது என்று உறுதியானால், கழற்றுவதற்கு முன்னர் இவற்றை எழுதி வையுங்கள்:

1. எந்த நிற வயர் எங்கே போகிறது. ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். வெட்டிய பிறகு எடுத்த படத்தில் பிரயோசனம் குறைவு.

2. இரும்பில் அச்சடித்த எல்லா எண்களும். அமெரிக்க ட்ரான்ஸ்போமர்களில் 606 என்று தொடங்கினால் அது ஷூமாக்கர் நிறுவனத்துடையது. அதற்குப் பின்னால் வருவது ஆண்டும் வாரமும். 606-6-32 என்றால் 6இல் முடியும் ஓர் ஆண்டின் 32ஆவது வாரம். 1956ஆ, 1966ஆ என்பதை அம்ப்பின் மாடலை வைத்துத் தீர்மானிக்கலாம். அம்ப் நிறுவனத்தின் பாக இலக்கமும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அதை வைத்து இன்றைய மாற்று எது என்று தேடலாம்.

3. வால்வுகளின் பெயர்கள். சூடாக்கும் சுருள் எத்தனை அம்பியர் தாங்க வேண்டும் என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். ஈஎல்34 ஒன்றுக்கு 1.5 அம்பியர், 12ஏஎக்ஸ்7 ஒன்றுக்கு 0.3 அம்பியர். இரண்டு ஈஎல்34உம் மூன்று 12ஏஎக்ஸ்7உம் இருந்தால் 3.9 அம்பியர். 2 அம்பியர் சுருளைக் கொண்டுவந்து மாட்டினால் என்ன நடக்கும் என்று ஓ.எல். பிள்ளையும் சொல்லும்.

4. உயர் அழுத்தச் சுருளின் வோல்ட். கொஞ்சம் கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 450 வோல்ட் கப்பசிட்டருக்கு 500 போனால் அது வெடிக்கக்கூடும்.

5. அவுட்புட் ட்ரான்ஸ்போமர் என்றால் சுற்று விகிதம். ஒரு சுருள் அறுந்திருந்தால் இதை அளக்க முடியாது, அப்போது அம்ப்பின் சுற்று வரைபடத்தைத் தேட வேண்டும். சுருள்கள் நல்ல நிலையில் இருந்தால், வயர்களைக் கழற்றி முதன்மைச் சுருளுக்கு 12 வோல்ட் ஏசி கொடுத்துப் பாருங்கள். மறுபக்கம் 0.43 வோல்ட் வந்தால் விகிதம் ஏறக்குறைய 28. 28ஐ 28ஆல் பெருக்கினால் 784. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், வால்வுப் பக்கம் 6,272 ஓம். இரண்டு 6வி6 வால்வுகள் போட்ட ஓர் அம்ப்புக்கு இது பொருத்தமான அளவுதான்.

6. அகணியின் நீளம், அகலம், தடிப்பு, ஆணித் துளைகளின் இடைவெளி, நிறை.

இந்த ஆறும் கையில் இருந்தால் நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். கனடாவின் ஹமண்ட், அமெரிக்காவின் மேர்க்குரி மேக்னெட்டிக்ஸ், ஹேபோயர் போன்ற நிறுவனங்கள் இன்றும் பழைய கிட்டார் அம்ப்களுக்கான மாற்று ட்ரான்ஸ்போமர்களைச் செய்கின்றன. வசதி உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இது கிலோக் கணக்கில் நிறையுள்ள பொருள். விலையை விடத் தபால் கூலியும் வரியும் கூடிவிடுகிற சந்தர்ப்பங்களும் உண்டு.

அதனால்தான் சுற்றி எடுப்பது பற்றிச் சொல்கிறோம். நம் ஊர்களில் தண்ணீர் மோட்டர் சுற்றும் காக்காமார் இருக்கிறார்கள். ஃபேன், வெல்டிங் பிளான்ட், ஸ்டெபிலைசர் எல்லாம் அவர்கள் கையில்தான் உயிர் பெறுகின்றன. பவர் ட்ரான்ஸ்போமர் அவர்களுக்கு எட்டாத வேலை இல்லை. பழைய சுருளைப் பிரிக்கும்போது எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும், கம்பியின் கேஜைப் பார்க்க வேண்டும், அடுக்குகளுக்கு இடையில் உள்ள காப்புத் தாளின் வரிசையைக் குறிக்க வேண்டும். உயர் அழுத்தச் சுருளுக்கும் மற்றச் சுருள்களுக்கும் இடையில் காப்பை மட்டும் ஒருபோதும் குறைக்கக் கூடாது. சுற்றி முடித்து வார்னிஷில் ஊறவைத்து உலர்த்தினால் இன்னும் பல வருடம் ஓடும். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் கொஞ்சம் கஷ்டம்தான். அதில் முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் பகுதி பகுதியாகப் பிரித்து மாறி மாறிச் சுற்றியிருப்பார்கள். அந்த ஒழுங்கு மாறினால் உயர்ந்த சுரங்கள் மங்கிப் போகும். அதே அகணி, அதே எண்ணிக்கை, அதே ஒழுங்கு என்றால் பழைய சத்தத்துக்கு மிகக் கிட்ட வரலாம். இதற்குப் பழைய ட்ரான்ஸ்போமர் கருகிய நிலையிலாவது கையில் இருக்க வேண்டும். தலைப்பில் நாங்கள் சொன்னதன் காரணம் இதுதான்.

"மாற்றினால் பெறுமதி குறையுமே" என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். சந்தை விலை என்று பார்த்தால் அது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. சட்டத்தில் புதிய துளை போடாதீர்கள், கழற்றிய ட்ரான்ஸ்போமரைப் பெட்டியில் போட்டு அம்ப்போடு வையுங்கள். நாளைக்கு யாராவது பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பினால் கொண்டுவரலாம். ஆனால் விலைக்காக என்று இரண்டு முனைப் பழைய பிளக்கை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். பூமி வயரோடு மூன்று முனை பிளக் கட்டாயம். 1972இல் பிரித்தானியாவின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர், பூமி இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். ஓர் உயிரை விடப் பெறுமதியான ஒரிஜினல் எதுவும் இல்லை.

கடைசியாக, எங்களுக்கு மிகவும் கவலையான விஷயம். மோட்டர் சுற்றும் கடைகளில் இன்று இருப்பவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். பக்கத்தில் பழகும் பையன் இல்லை. "ஏன் காக்கா, மகனுக்குப் பழக்கலையா?" என்று கேட்டால், "அவன் கத்தாருக்குப் போயிட்டான் சேர்" என்கிறார்கள். 1970 முதல் 1977 வரை இந்த நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்களால் மின்கிட்டார் பரவலாகி, தமிழ்ப் பொப் பாடல்களும் கொடிகட்டிப் பறந்த காலம் அதை ஒட்டியதுதான். வெளியிலிருந்து பாகம் வராத காலத்தில் திருத்துபவரின் கைதான் நம்பிக்கை. 2020இல் மீண்டும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, 2022இல் டொலரும் இல்லாமல் போனது. அப்போது நம் வீட்டு மோட்டர்களைக் காப்பாற்றியது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் சுற்று எண்ணிக்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்து பரீட்சையில் புள்ளி எடுக்கிறார்கள். திறந்த நிலைமாற்றி ஒன்றைக் கண்ணால் கண்ட பிள்ளை வகுப்பில் எத்தனை பேர்? 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. பல பெற்றோர் இன்னும் அதை "மற்றது கிடைக்காதவர்கள் படிக்கும் பிரிவு" என்றுதான் பார்க்கிறார்கள். இந்தப் பார்வை மாற வேண்டும். ஒரு பழைய அம்ப்பின் ட்ரான்ஸ்போமரை அளந்து, கணக்கிட்டு, சுற்றி, பாதுகாப்பாக இயக்கிக் காட்டும் பிள்ளைக்கு கணிதமும் தெரியும், விஞ்ஞானமும் தெரியும், பொறுமையும் தெரியும். அந்தப் பிள்ளை வேலையில்லாமல் இருக்காது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். வீட்டில் பழைய அம்ப் இருப்பவர்கள் உள்ளே இருக்கும் எதையும் எறியாதீர்கள், எண்களை எழுதி வையுங்கள். திருத்தும் சகோதரர்கள், கழற்றிய பாகத்தை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். மோட்டர் சுற்றும் காக்காமார், வாரத்தில் ஒரு பின்னேரம் எங்கள் மாணவர்களுக்குத் தந்தால் நாங்களே அவர்களை அழைத்து வருகிறோம். தேநீரும் எங்கள் செலவு. இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு எங்களுக்கு அறியத் தாருங்கள். இன்னும் கை நடுங்காமல் இருக்கும் காலத்திலேயே நாம் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும்.